மஞ்சள் பொட்டு இல்லாத நட்டு

தெருவே 'சூறாவளி' என்று பெயர் வைத்திருந்த மனுஷர், காடுமேடு ஏறுவதற்கென்றே வாங்கிய தன் உயரமான பைக்குக்கு அன்று சின்ன ரோட்டு வீல்கள் மாட்டினார். அந்த பைக் எந்தக் காட்டையும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். சின்ன வீல் போட்டால் மலைரோட்டு வளைவுகளில் படுத்துப் படுத்து ஓட்டலாமாம்.

வீல் நட்டை முழுசாக முடுக்கியதும் அதன்மேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பது அவர் வழக்கம். பைக் வாசலைத் தாண்டும்போதுதான் மனைவி கவனித்தாள். பின்வீலில் பொட்டு இருந்தது, முன்வீலில் இல்லை. அதை அவர் முடுக்கிக்கொண்டிருந்தபோதுதான், "சாப்பாடு ஆறிப் போகுது, எந்திரிச்சு வாங்க!" என்று அவள் கத்தியிருந்தாள்.

"ஏங்க, நில்லுங்க!"

ஹெல்மெட்டுக்குள் எது கேட்கும்? போன் அடித்தாள், சமையலறை மேஜையில் மணி கேட்டது. அந்த வளைவுகளும் அதற்குக் கீழே இருக்கும் பள்ளமும் கண்முன் வந்து நின்றன. செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

தெருமுனை பெட்ரோல் பங்கில் பைக் தரையில் கிடந்தது. பக்கத்தில் அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றார். வீல் சிறுத்ததில் வண்டி தாழ்ந்துவிட்டது, சைடு ஸ்டாண்டு மட்டும் பழைய நீளம். சாயாமல் விறைப்பாக நின்ற வண்டி, அவர் இறங்கியதும், பிடிக்கப் போனவரையும் இழுத்துக்கொண்டு மறுபக்கம் விழுந்துவிட்டது.

"சிரிச்சுத் தொலைக்காதடி, ஏற்கெனவே மானம் போச்சு."

அவள் சிரிக்கவில்லை. குனிந்து, முன்வீல் நட்டை இரண்டே விரலால் திருப்பினாள். பாட்டில் மூடி மாதிரி சுழன்றது.

சூறாவளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.