முப்பத்தோராம் பக்கத்து ஏரி

கருவேலஞ்சேரி ஏரி இப்போது கம்பெனியின் சமூகப் பொறுப்பு அறிக்கையில், முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. போன வருடம் வரை ஊருக்குத் தெற்கே இருந்தது. கம்பெனி அதைத் தூர்வாரி, படம் பிடித்து, அறிக்கையில் சேர்த்தது. மறுநாள் ஊரில் ஏரி இல்லை. அறிக்கையில் இருப்பது வெளியிலும் இருந்தால் இரட்டைக் கணக்காகிவிடும் என்றார்கள் தணிக்கைக்காரர்கள். அவர்கள் கவலை அவர்களுக்கு.

சுகந்தி அந்த அறிக்கையை எழுதும் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஏரியோடு அவள் தங்கை மேகலாவும் உள்ளே போய்விட்டாள். குடத்தோடு சிரித்தபடி நிற்க ஒரு பயனாளி தேவைப்பட்டது. சுகந்திதான் தங்கையைக் கூட்டிவந்து நிறுத்தினாள். சின்ன வேலை, மதியச் சாப்பாடும் உண்டு என்று சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து மேகலாவின் கைக்குழந்தை யாழினி பெரியம்மாவிடம் இருக்கிறது. புட்டிப்பாலைத் துப்புகிறது. தொண்டை கட்டும்வரை அழுகிறது. கேட்கக் கேட்க சுகந்திக்குப் பெற்ற வயிறு போலப் பற்றி எரியும்.

பக்கங்களை ஐந்தாம் தளத்துச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். ஒரு நல்ல காரியம் சேரும்போதெல்லாம் அந்த நடைவழி கொஞ்சம் நீளும். இந்த வருடம் கம்பெனி ஏகப்பட்ட நல்லது செய்துவிட்டது. தங்கையைப் பார்த்துவிட்டு வருவதற்குள் சுகந்தியின் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும்.

இன்று மாலை அறிக்கை அச்சுக்குப் போகிறது. போய்விட்டால் பக்கம் மூடிவிடும். அப்புறம் யாரும் வெளியே வரவும் முடியாது, உள்ளே போகவும் முடியாது. அதற்குள் தங்கையை வெளியே எடுத்துவிட, சுகந்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டாள். வரவேற்பறையில் ஊர்க்காரர்கள் காலிக் குடங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பார்வையாளர் அட்டை கழுத்தில் தொங்கியது. குடங்களை நகர்த்தி அவளுக்கு வழிவிட்டார்கள்.

மேலே மேலாளர் ஆல்வின் கேமராவோடு நின்றிருந்தார். தங்கமான மனுஷன், குரலை உயர்த்தவே மாட்டார். ஒரு பயனாளியை வெளியே எடுத்தால் எண்ணிக்கை குறையும், அறிக்கை பொய்யாகும், கம்பெனி பொய் சொல்லாது என்று பொறுமையாக விளக்கினார்.

சுகந்தி அவரைக் காதில் வாங்காமல் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மேகலா, வந்துடு. புள்ள பால் குடிக்க மாட்டேங்குது."

மேகலா சிரித்தாள். அவளால் வேறெதுவும் முடியாது. சிரிப்பு மாறாமலே கேட்டாள்.

"வந்து என்னக்கா பண்றது? அங்க தண்ணி இருக்கா? அவள இங்க குடு."

அம்மாவின் குரல் கேட்டதும் யாழினி அழுகையை நிறுத்தியது. பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. ஆல்வின் படம் எடுத்தார். சுகந்தியின் கை காலியாக இருந்தது.

உள்ளே குழந்தை மார்பில் முட்டிக்கொண்டிருந்தது. மடக் மடக்கென்று குடித்தது. சுகந்திக்கு வயிறு குளிர்ந்தது. அடுத்த நொடியே, இனி வீட்டில் ஒருவரும் இல்லை என்பது உறைத்தது.

"சார், நானும் போயிடறேன்."

"தாராளமா போங்கம்மா. தன்னார்வலர் எடம் ஒண்ணு காலியாத்தான் இருக்கு. சிரிங்க."

அவள் உதட்டை விரித்தாள். ஆல்வின் படம் எடுத்துப் பார்த்துவிட்டு அழித்தார். இன்னொன்று எடுத்தார். அதையும் அழித்தார். மனசாரச் சிரிக்க வேண்டும், நடிப்பைக் கம்பெனி ஏற்காது என்றார். சுகந்தி யாழினியின் பொக்கை வாயை நினைத்துக்கொண்டாள். அழுகைதான் வந்தது. மேகலாவோடு மழையில் நனைந்து அம்மாவிடம் அடி வாங்கியதை நினைத்துக்கொண்டாள். அழுகை இன்னும் முட்டியது.

அச்சகத்து ஆட்கள் வந்து நடைவழிக் கோடியிலிருந்து பக்கங்களைச் சுருட்ட ஆரம்பித்தார்கள்.

"கடைசியா ஒண்ணு எடுத்துப் பாக்கலாம்," என்றார் ஆல்வின்.

சுகந்தி இரண்டு விரல்களால் வாயின் இரு ஓரங்களையும் மேலே தூக்கிப் பிடித்தாள். கண்ணீர் விரல் வழியாக முழங்கைக்கு இறங்கியது. ஆல்வின் வருத்தத்தோடு தலையசைத்தார். கேமராவை மூடினார். அவளுடைய பங்களிப்புக்கு நன்றி சொன்னார்.

முப்பத்தோராம் பக்கத்தைச் சுருட்டி எடுத்துப் போனார்கள். சுகந்தி விரல்களை எடுக்கவில்லை.