டாட்சனில் ஒரு வார்த்தைக்குத் தடை

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருஷம் ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலேயும் கீழேயும் அனுப்பியவர், தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது ஒரே ஒரு வண்டிதான். டாட்சன். கடையில் இருந்த புது கார்களிலேயே விலை குறைந்தது. செங்கல் நிறம். அதை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்கு, "தீப்பெட்டிக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கு" என்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "உள்ள உக்காந்து பாரு, அப்புறம் பேசு" என்றார். உட்கார்ந்தேன். முழங்கால் இடிக்கவில்லை. அன்றைக்கு நான் ஒப்புக்கொண்ட ஒரே நல்ல விஷயம் அதுதான்.

வண்டியோடு ஒரு கதையும் வந்தது. அதற்குத்தான் நான் தயாராக இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், குழாய் ரிப்பேர் செய்ய வந்தவரைக்கூட விடாமல், உட்கார வைத்துச் சொல்வார். ஜப்பானில் மூன்று பேர் முதல் போட்டு ஒரு கார் செய்தார்களாம். மூவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து டாட் என்று வைத்தார்களாம். அப்புறம் முப்பதுகளில் அதைவிடச் சின்னதாக ஒரு கார் வந்ததும், டாட்டின் பிள்ளை என்பதற்காக இங்கிலீஷில் 'சன்' சேர்த்தார்களாம். ஆனால் அந்த ஓசைக்கு ஜப்பான் மொழியில் நஷ்டம் என்று அர்த்தம். விற்கிற பொருளுக்கு எவனாவது நஷ்டம் என்று பெயர் வைப்பானா? அதனால் எழுத்தை மாற்றி, சூரியன் என்று பொருள் வரும் 'சன்' ஆக்கிவிட்டார்கள்.

"அதாவது, டாட்சனை டாட்சன்னு மாத்திட்டாங்க" என்று முடிப்பார்.

கேட்டவர்கள் முழிப்பார்கள். நம் வாயில் மகனும் சன், சூரியனும் சன். எழுதிக் காட்டினாலும் அதே இரண்டு எழுத்து. இதில் என்ன மாறியது என்று குழாய்க்காரர் கேட்டே விட்டார். இவர் விடவில்லை, காகிதம் எடுத்து இங்கிலீஷில் எழுதிக் காட்டினார். குழாய் அன்றைக்கு ரிப்பேர் ஆகவில்லை.

அந்தப் பெயர் உலகமெல்லாம் ஓடி, எண்பதுகளில் அதன் முதலாளிகளே அதைத் தூக்கி மூலையில் போட்டார்கள். முப்பது வருஷம் போல் கழித்து, குறைந்த விலைக் காருக்கு ஒரு பெயர் வேண்டும் என்று தூசி தட்டி எடுத்தார்கள். நாங்கள் வாங்கினோம். கொஞ்ச வருஷத்தில் மறுபடியும் நிறுத்திவிட்டார்கள். "நீங்க கை வச்ச நேரம்" என்று நான் சொன்னதற்கு, "ரெண்டு தடவை மூடியும் என் வண்டி ஓடுது பாத்தியா" என்றார். அவருடைய பெருமை அப்படிப்பட்டது.

பிறகு வண்டியில் கீறல்கள் வர ஆரம்பித்தன.

முதலில் பக்கக் கண்ணாடி உடைந்தது. தூண் குறுக்கே வந்துவிட்டது என்றார். அடுத்தது கேட். அதுவும் வந்து இடித்ததாம். மூன்றாவது தடவை, சாலையைக் கடந்த ஒரு பெண்மணியை அவர் பார்க்கவே இல்லை. நான் கத்தினேன், பிரேக் போட்டார், அந்தப் பெண்மணி பை கீழே விழாமல் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளே அவரைக் கண் டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

கண் டாக்டர் ஒரு படம் வரைந்து காட்டினார். பார்வையின் ஓரங்கள் போய்விட்டன, நடுவில் இருப்பதுதான் மிச்சம். "போனது வராது. மருந்து ஒழுங்கா விட்டா இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். ஆனா வண்டி ஓட்டக் கூடாது" என்றார். சரி டாக்டர், சரி டாக்டர் என்று நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தவர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி முன்னால் நின்றார். எனக்கு ஓட்டத் தெரியாது. அவர் ஓட்டக் கூடாது. டாட்சனை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டு வாடகை வண்டியில் வீட்டுக்கு வந்தோம். வழி முழுக்க அவர் மடியில் அந்தச் சாவி இருந்தது. சனிக்கிழமை எங்கள் மகள் வெளியூரிலிருந்து வந்து வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தாள்.

லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள். மோட்டார் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவரை இழக்க அவர்களுக்கு மனமில்லை. ஆபீசில் உட்கார்ந்து, வேலைக்குப் போயிருக்கும் மெக்கானிக்குகளுக்கு போனில் வழி சொல்லுங்கள் என்றார்கள். முதல் நாள் பஸ்ஸில் கிளம்பினார். நிறுத்தத்தில் ஒருவர் மீது மோதிவிட்டார். "யோவ், கண்ணு தெரியலையா?" என்று அந்த ஆள் கேட்டிருக்கிறான். எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். இவர் அப்படியே திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மறுநாளும் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. யார் வந்தாலும் டாட்சன் கதையைச் சொல்லவில்லை. அதைக் கேட்கக் கூடாதென்று எத்தனை நாள் சமையலறைக்குள் ஓடியிருக்கிறேன். இப்போது அவர் வாயைத் திறக்கமாட்டாரா என்று ஏங்கினேன்.

கூட வேலை பார்த்த ஒருவர் வண்டியைக் கேட்டார். "எடுத்துக்கோ" என்றார் இவர், பழைய பேப்பரைக் கொடுப்பதுபோல். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. வண்டி போனால் இவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்.

"நான் ஓட்டக் கத்துக்கறேன்" என்றேன்.

என்னை நேராகத் திரும்பிப் பார்த்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். "உனக்குத் தையல் மெஷினே மிதிக்க வராதே!"

"உங்களை ஆபீசுல விட்டுட்டு நான் வேலைக்குப் போறேன். ஒரே வழிதானே?"

கொஞ்சம் யோசித்தார். "லைசென்ஸ் எடு. எடுத்துட்டா வண்டி நிக்கட்டும். இல்லேன்னா அவன்கிட்ட குடுத்துடலாம்" என்றார். வாங்க இருந்தவரும் பெரிய மனதோடு மூன்று மாதம் அவகாசம் தந்தார்.

நான் பல் செட் செய்யும் லேபில் வேலை செய்கிறேன். ஒரு கடைவாய்ப் பல்லின் பள்ளத்தை மயிரிழை அளவுக்கு இழைத்துவிடுவேன். என் கை அப்படி. கால்கள் இரண்டும் வேறு யாருடையதோ. ரோட்டில் ஓட்டச் சொல்லித்தர டிரைவிங் ஸ்கூல் ஆசிரியை வாரத்தில் இரண்டு நாள் காலையில் வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் லேபுக்குப் பின்னால் இருந்த கிடங்கின் காலி முற்றத்தில், ஆசிரியை கொண்டுவந்து நிறுத்திய வண்டியில், இவர் சொல்லித் தந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். எஞ்சின் சத்தம்தான் அவருக்குக் கணக்கு. "அமுக்கு... கியரைப் போடு... இப்ப விடு, மெதுவா விடு, விடு..." என்பார். விடு என்றால் கிளட்சிலிருந்து காலை எடுக்கவேண்டும். நான் எடுப்பேன், வண்டி ஒரு குதி குதித்து அணையும்.

மூன்றாவது ஞாயிறு ஏழு தடவை அணைந்தது. எட்டாவது தடவை ஸ்டார்ட் செய்து, கிளட்சை அமுக்கி, கியரும் போட்டுவிட்டேன். ஒரு கால் ஆக்சிலரேட்டரில். அப்போது பார்த்து அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் இதெல்லாம் எனக்குத் தேவையா!

"என்னால முடியலைங்க. உங்க வண்டியையும் கெடுக்கறேன்" என்று தேம்பினேன்.

அவர் கண்ணைத் திறந்து, என் தோளைத் தடவி, "சீ, இதுக்கா அழுவாங்க? விடு... விடு" என்றார்.

விட்டேன்.

டாட்சன் பாய்ந்து போய் முற்றத்துச் சிமெண்டுத் தூணில் முட்டி நின்றது. முன்விளக்கின் மூடி மூன்று துண்டாகக் கீழே கிடந்தது.

"நான் என்ன சொன்னேன், நீ என்ன செஞ்சே?"

"நீங்கதானே விடுன்னீங்க!"

"கவலையை விடுன்னேன்டி! காலையா விடச் சொன்னேன்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, டேஷ்போர்டில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வந்து, விட்டிருந்த சொட்டு மருந்தெல்லாம் அதோடு போனது. அன்றைக்கே சட்டம் போட்டார். "இனிமே இந்த வண்டிக்குள்ள அந்த வார்த்தை கிடையாது. நீயும் சொல்லக் கூடாது, நானும் சொல்லமாட்டேன்."

பதிலுக்கு வேறு சொல் வேண்டுமே. லிஃப்டிலிருந்து எடுத்துக்கொண்டோம். கிளட்சை அமுக்க 'கதவை மூடு', எடுக்க 'கதவைத் திற'. "லிஃப்ட் கதவு எப்படித் திறக்கும்? ஆளு மேல இடிக்காம, ஒரே சீரா. அப்படித் திற" என்றார். என் கால்களுக்கு அது எப்படிப் புரிந்ததோ, அடுத்த ஞாயிறு வண்டி ஒரு தடவைகூட அணையவில்லை.

விளக்குதான் பெரிய பாடாகிவிட்டது. உதிரிபாகக் கடைக்காரர் வரவழைத்துத் தர ஒரு மாதம் ஆகும் என்றார். வியாழக்கிழமை எனக்கு டெஸ்ட். விளக்கு உடைந்த வண்டியை உள்ளேயே அனுமதிக்கமாட்டார்கள். அந்தத் துண்டுகளைத் துணியில் கட்டி லேபுக்கு எடுத்துப் போனேன். பல் வரிசையைச் சரிசெய்ய மாட்டும் பிளேட்டுகளுக்காக, கண்ணாடி போன்ற அக்ரிலிக் எங்களிடம் உண்டு. துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, காணாமல் போன மூலையை அக்ரிலிக்கால் கட்டி, இழைத்து, பல்லுக்குப் போடுவதுபோல் பாலிஷ் போட்டேன். முப்பது வருஷத் தொழிலில் காருக்குப் பல் கட்டியது அதுதான் முதல் தடவை. இவர் அதன்மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டிப் பார்த்தார். "எங்க ஒட்டினே? தெரியலையே" என்றார். கண்ணைச் சொல்கிறாரோ என்று சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை, விரல்தான் சொன்னது. இத்தனை வருஷத்தில் என் வேலையை அவர் அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை.

டெஸ்டுக்கு வந்த அதிகாரி சிரிப்பைக் கடனுக்கும் தராத ஆள். இவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். முதல் பாதி நன்றாகப் போனது. மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். கிளட்சை அமுக்கியபடி தயங்கினேன். அதிகாரி ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "விடுங்கம்மா" என்றார்.

என் கால் அசையவில்லை. "எதைங்க சார்?" என்றேன்.

அவர் திரும்பி என்னை உற்றுப் பார்த்தார். "பயத்தை" என்றார்.

கதவைத் திற, ஒரே சீரா, யாரையும் இடிக்காமல், என்று மனதுக்குள் இவர் குரல் கேட்டது. வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளாமல் மேடு ஏறியது.

இறங்கி வந்தபோது அதிகாரி கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "இந்தக் கம்பெனியைத்தான் மூடிட்டாங்களே. இன்னுமா வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. பெஞ்சிலிருந்து இவர் எழுந்தார்.

"சார், அந்தப் பேருக்கே ஒரு கதை இருக்கு. ஜப்பான்ல மூணு பேரு..."

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும்போல் இருந்தது. நான்கு மாதம் ஆயிற்று, அந்தக் கதையைக் கேட்டு. மூன்று பேர், பிள்ளை, நஷ்டம், சூரியன் என்று ஒன்று விடாமல் நின்று கேட்டேன். "டாட்சனை டாட்சன்னு மாத்திட்டாங்க" என்று முடித்ததும் அதிகாரி முழித்தார். இவர் அவருடைய பேனாவையே வாங்கி எழுதிக் காட்டினார்.

வண்டி கேட்டவருக்கு இவரே போன் செய்தார். "மன்னிச்சுக்கோப்பா, கொடுக்கறதா இல்லை. டிரைவர் கிடைச்சாச்சு. கொஞ்சம் வாய் ஜாஸ்தி, ஆனா நல்லா ஓட்டறா" என்றார். திங்கட்கிழமை வருவதாக ஆபீசுக்கும் சொன்னார்.

வீட்டுக்குக் கிளம்பினோம். அவருக்கு நேரே இருப்பது தெரியும். ஓரத்தில் இருப்பதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். இந்தப் பக்கம் ஒருத்தர் கண்ணாடிக் கதவை முதுகில் தூக்கிக்கொண்டு போகிறார், அந்தப் பக்கம் சலூன்காரர் வாசலில் நின்று சோம்பல் முறிக்கிறார் என்று. "பாத்து, பாத்து" என்றார் அவர். கல்யாணமான நாளிலிருந்து, படியிறங்கினாலும் சாலை கடந்தாலும் அவர் எனக்குச் சொல்கிற சொல்.

"பாத்துட்டுதான் இருக்கேன். ரெண்டு பேருக்கும் சேத்து" என்றேன்.

அவர் கியர்மேல் இருந்த என் கைமேல் தன் கையை வைத்தார். கிரீஸ் ஏறிக் காய்த்துப்போன கை. எதிரே சாலை நீளமாகக் காலியாகக் கிடந்தது, எஞ்சின் அடுத்த கியர் கேட்டு உறுமியது.

"கையை விடுங்க, மூணாவது போடணும்."

"அந்த வார்த்தை இந்த வண்டியில கிடையாது" என்றார்.

வீடு வரைக்கும் இரண்டாவது கியரிலேயே வந்தோம்.