மணி அடிக்காத மூன்று நாள்

எழுபத்தெட்டாம் வருஷத்துக்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் எங்கள் கோயில் மணி ஒரு நாளும் பிந்தியதில்லை. காலை ஆறு, உச்சி பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு. மூவேளைச் செபத்துக்கு நான் கயிற்றை இழுத்தால் கொடைக்கானல் பஸ்காரர்கூடத் தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார். கோயில்பிள்ளை மரியசூசை என்றால் மணி, மணி என்றால் மரியசூசை. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான்.

அந்த மணியின் மேல்தான் ஊரார் பழி போட்டார்கள். அதுவும் கோழி முட்டை விஷயத்தில்.

என் மனைவி இசபெல்லாவுக்கு ஒரு வருத்தம் இருந்தது. எங்கள் மலைக் குளிரில் கோழிகள் ஒழுங்காக அடை உட்காராது. உட்கார்ந்தாலும் நாலு நாளில் எழுந்து போய்விடும். அதனால் வத்தலக்குண்டிலிருந்து கூடையில் குஞ்சு கொண்டுவந்து விற்பார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி, பனியில் நனைந்து, கூடையைத் திறக்கும்போது பாதி செத்துக் கிடக்கும். இசபெல்லா அவற்றை வாங்கி அடுப்போரம் வைத்துக் காப்பாற்றப் பார்ப்பாள். முடியாது. "மலையில பொறந்த குஞ்சுதாங்க மலையில நிக்கும்" என்பாள்.

பள்ளிக்கூடத்து அமெரிக்க டீச்சரம்மா ஊருக்குத் திரும்பும்போது அவளிடம் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். குஞ்சு பொரிக்கும் பெட்டி. மரப்பெட்டிக்குள்ளே இரண்டு பல்பு, ஒரு தெர்மாமீட்டர், ஒரு தண்ணீர்த் தகரம், பார்ப்பதற்கு ஒரு கண்ணாடிச் சில்லு. மூடியின் உள்பக்கம் செய்முறைத் தாள் ஒட்டியிருந்தது. தண்ணீர் ஆவியில் அதன் கீழ்ப்பாதி ஊறிக் கரைந்து போயிருந்தது. மேல்பாதியைப் பங்குச் சாமி படித்துச் சொன்னார்: சூடு பாரன்ஹீட்டில் நூறு டிகிரி, நாள் இருபத்தொன்று, தினம் மூன்று தரம் முட்டையைத் திருப்பிவிட வேண்டும்.

மூன்று தரம் என்றதும் இசபெல்லா சிரித்தாள். கோயிலை ஒட்டித்தான் எங்கள் வீடு. என் மணி அடித்ததும் அவள் பெட்டியைத் திறப்பாள், 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டே முட்டைகளைத் திருப்புவாள். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பென்சிலால் சிலுவை, மறுபக்கம் வட்டம். செபம் முடியும்போது வேலையும் முடிந்திருக்கும்.

பன்னிரண்டு வீட்டில் ஆளுக்கு இரண்டு முட்டை கேட்டு வாங்கினாள். பொரித்ததும் ஆளுக்கு ஒரு குஞ்சு என்று வாக்குக் கொடுத்தாள். இருபத்தொன்றாம் நாள் ஒன்றும் அசையவில்லை. இரண்டு நாள் பொறுத்து உடைத்துப் பார்த்தோம். முடி முளைத்து, நகம் முளைத்து, எல்லாம் நிறைந்த குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே இறந்திருந்தன. தை மாதம் மறுபடியும் வைத்தாள். அதே கதை. அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை.

தெருமுனைக் குப்பம்மாள்தான் ஆரம்பித்தாள். "ஏண்ணே, நீங்க மணியப் பிந்தி அடிச்சா முட்டை பாவம் என்ன பண்ணும்?"

ஊரே பிடித்துக்கொண்டது. தண்ணீர்க் குழாயடியில், பால் ஊற்றும் இடத்தில், எங்கே போனாலும் "கோயில்பிள்ளை மணி சரியில்லையாமே." எனக்கு ரத்தம் கொதித்தது. வடகவுஞ்சியில் ஒரு சாவுக்குப் போன நாள்கூட ஓடி வந்து பன்னிரண்டுக்கு அடித்தவன் நான். இசபெல்லாவிடமே கத்தினேன்: "உன் முட்டையால என் மணிக்குக் கெட்ட பேரு."

தவசு காலத்தில் நாலாம் ஞாயிறு காலை, உயிர்த்த ஞாயிறுக்குச் சரியாக மூன்று வாரம் முன்னால், அவள் மூன்றாம் தடவையாக முட்டை வைத்தாள். இந்தத் தடவை வீடுகளில் முட்டை கொடுக்கத் தயங்கினார்கள். சேர்ந்தது பதினாலு. அதில் ஆறு குப்பம்மாள் கொடுத்தது. "இதுவும் போச்சுன்னா, பேசாம முட்டைக் கொழம்பு வச்சுத் தின்னுருக்கலாம்னு நெனச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தாள்.

பங்குச் சாமியும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டு விளக்கும் பெட்டியின் பல்பும் கோயில் கரண்டில் எரிவது. "உயிர்த்த ஞாயிறு வரைக்கும் பாப்போம், இசபெல்லா. அதுக்கப்புறம் பெட்டியைக் கட்டி ஸ்டோர் ரூம்ல போட்ருவோம்." அவள் தலையாட்டினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

நானும் வைராக்கியமாக இருந்தேன். ரேடியோச் செய்தி நேரத்தோடு ஒத்துப் பார்த்து ஒரு விநாடி பிசகாமல் அடித்தேன். அவளும் ஒரு வேளை தவறாமல் திருப்பினாள். பதினெட்டு நாள் அப்படிப் போயிற்று.

பதினெட்டாம் நாள் பெரிய வியாழன். சாயங்காலப் பூசையில் வானவர் கீதம் பாடும்போது மணியை அடித்துவிட்டுக் கயிற்றை ஆணியில் கட்டினேன். அன்று ஆறு மணிச் செபத்துக்கும் மணி இல்லை, இசபெல்லாவும் பூசையில்தான் இருந்தாள். அதற்குப் பிறகு சனி இரவு வரைக்கும் மணி கிடையாது, மரக்கட்டையைத் தட்டுவதோடு சரி. ஆண்டவர் பாடுபட்டு மரித்துக் கிடக்கிற நாட்கள். பெரிய வெள்ளியன்று கோயில்பிள்ளைக்கும் அவன் வீட்டுக்காரிக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. விடியுமுன் போனவர்கள் இருட்டித்தான் வந்தோம், வந்ததும் படுத்துவிட்டோம்.

சனிக்கிழமை காலை கண்ணாடிச் சில்லு வழியாகப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எல்லா முட்டையிலும் சிலுவைதான் மேலே இருந்தது. வியாழன் மதியம் வைத்தபடியே இருந்தது.

"இசபெல்லு, திருப்பவேயில்லையா நீ?"

அவள் ஓடி வந்தாள். "மணி அடிக்கலையே" என்றாள். சொல்லிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒன்றரை நாள் போய்விட்டது. நாளைக்குப் பெட்டியும் போய்விடும். "தள்ளு, வெரசாத் திருப்பிருவோம்" என்று மூடியில் கை வைத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் என் கையைத் தடுத்தது அதுதான் முதல் தடவை.

"சும்மா இருங்க. காதை வச்சுக் கேளுங்க."

மணிக்கூண்டின் கீழேயே நின்று நின்று என் வலது காது மந்தம். இடது காதை மரத்தில் வைத்தேன். கோயிலும் தெருவும் அமைதியாக இருந்தன. பெட்டிக்குள்ளே எங்கேயோ ஒரு கீச்சுச் சத்தம். மிக மெல்லியது. பிறகு இன்னொன்று.

"போன ரெண்டு தடவையும் இதே சத்தம் கேட்டுச்சு" என்றாள். "ஆசையா இருந்துச்சு. மணி அடிச்சதும் தொறந்து திருப்பிவிட்டேன். அதுக்கப்புறம் கேக்கல."

மூடியில் இருந்த கையை எடுத்தேன்.

"அடைக்கோழி கடைசி ரெண்டு மூணு நாளு எந்திரிக்காதுங்க. எரைகூட எடுக்காது, முட்டைய அசைக்காது. பாத்துருக்கேன், பாத்தும் எனக்குப் புத்தி வரல. வெளிய வரதுக்கு அதுக தலைய ஒரு பக்கமா வச்சுக் கெடக்கும் போல. நாமதான் பொரட்டிப் பொரட்டிக் கொன்னுருக்கோம்."

"தாள்ல மூணு தரம்னு இருக்கே."

"தாள்ல பாதிதான இருக்கு."

"நீ சொல்றது தப்பாப் போனா? நாளைக்குப் பெட்டி போயிரும், இசபெல்லு. ஊரு சிரிக்கும்."

"போனா போகட்டும். நான் தொட மாட்டேன், நீங்களும் தொடக் கூடாது." பெட்டிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குக் கோயில் சோலி முழுவதையும் நான் ஒருத்தன்தான் பார்த்தேன். கோபம் கோபமாக வந்தது. அவளை நம்பவும் முடியவில்லை, மீறவும் முடியவில்லை. இராப் பூசைக்குக்கூடப் பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். வானவர் கீதத்துக்கு நான் மணியை அடித்தபோது அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

உயிர்த்த ஞாயிறு வெள்ளனே எழுந்தோம். அவள் பார்க்கப் பயந்தாள். நான்தான் கண்ணாடிச் சில்லைத் துடைத்துப் பார்த்தேன். ஓடுகளுக்கு நடுவே ஈரமாக ஒன்று தள்ளாடி நின்றது. அதன் முதுகில் இன்னொன்று ஏறிக்கொண்டிருந்தது. சிலுவை போட்ட ஓடு ஒன்று ஆடியது, விரிந்தது, மூக்கு வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்வதில் என்ன வெட்கம்?

பதினாலில் பதினொன்று. காலைப் பூசை முடிந்து ஊரே எங்கள் வீட்டு வாசலில் நின்றது. குப்பம்மாள் ஒரு குஞ்சை உள்ளங்கையில் வாங்கி, புரட்டிப் பார்த்து, முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். கேலி ஒன்றும் வரவில்லை. "கோழிக்குத் தெரிஞ்சது ஒனக்கும் தெரிஞ்சிருக்கு, தாயி" என்றாள்.

பங்குச் சாமியும் வந்து குனிந்து பார்த்தார். "இந்தத் தடவ என்ன செஞ்சீங்க, மரியசூசை?"

"நான் ஒண்ணும் செய்யலை, சாமி. நான் செஞ்சிருந்தா எல்லாம் செத்துருக்கும். இவதான், மணி அடிக்காத நாள்ல பெட்டியத் தொடாம, என்னையும் தொட விடாம உக்காந்திருந்தா." எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னேன். இசபெல்லா தரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்ப பெட்டி இங்கயே இருக்கட்டும்" என்றார் சாமி.

கடைசியாக ஒரு முட்டை விரிசல் விட்டு அப்படியே நின்றது. உள்ளே இருந்தது முட்டுவதும் ஓய்வதுமாக இருந்தது. எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். அவள் சொல்லியிருந்ததால் யாரும் கை வைக்கவில்லை. அது வெளியே வந்து விழுந்து எழுந்தபோதுதான் பன்னிரண்டாவது குஞ்சு என்று அவள் எண்ணிச் சொன்னாள். அப்போதுதான் எனக்குப் பன்னிரண்டு என்பது உறைத்தது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டேகால்.

ஓடிப்போய் மணியை அடித்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் மணி பிந்தியது. யாராவது ஏன் என்று கேட்க மாட்டார்களா என்று அன்று முழுவதும் தெருவில் நின்றுகொண்டிருந்தேன்.