பக்கவாட்டு முகம்

நிழலுருவப் படத்தில் முகம் தெரியாது. கோதா சம்மதித்ததே அதனால்தான்.

புருஷன் லக்ஷ்மிகாந்தை விட்டு, சென்னையிலிருந்து ஓடிவந்தவள் அவள். ஸ்ரீரங்கத்தில் அப்பா வீட்டுக்குப் போகவில்லை. அவன் முதலில் அங்கேதான் வந்து நிற்பான். வந்தும் நின்றான். அதற்குள் அவள் தென்னூரில், கல்லூரித் தோழி மஹ்ஜபீன் குடியிருந்த மாடியில் ஒண்டிக்கொண்டாள். நடுவில் காவிரி மட்டும்தான். பாலத்தைத் தாண்டிப் பெற்றவர்களைப் பார்க்கக்கூட அவளுக்குத் துணிவில்லை.

மஹ்ஜபீனுக்குப் படம் எடுக்கும் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் அத்தாவின் வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டுவாள். கோதாவை அதன் முன் நிறுத்திப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவாள்.

"துப்பட்டாவை எடுடி. மூட்டை மாதிரி இருக்க."

"மூட்டையாவே எடு. எனக்கு அதான் வசதி."

முதல் படங்கள் சுமார்தான். உருவம் சாம்பல் பூத்திருந்தது. கையும் இடுப்பும் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன. அப்போதுதான் ஒருவர் கீழே எழுத ஆரம்பித்தார். பெயர் ஒளிப்பிரியன். முகத்துக்குப் பதில் ஒரு தாமரை.

'அறை விளக்கை அணையுங்கள். போன் திரையில் ஜன்னலைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். ஆள் தானாகக் கறுப்பார்.'

கறுத்தது.

'முகம் முழுக்கப் பக்கவாட்டில் திரும்பட்டும். உதடுகள் லேசாகப் பிரியட்டும். கூந்தலைத் தூக்கிக் கட்டினால் கழுத்து கிடைக்கும்.'

கிடைத்தது. மூக்கும் மோவாயும் கத்தரியால் வெட்டி எடுத்தது போல வந்தன.

"நீ யாருன்னே தெரியல. ஆனா சூப்பரா இருக்க" என்றாள் மஹ்ஜபீன்.

கோதா வெகுநேரம் பார்த்தாள். "எனக்குத் தெரியறதே."

"உன் மூஞ்சி உனக்குத் தெரியாம?"

அடுத்த யோசனை வந்தது. 'வேட்டியின் கரை பின்னால் கோடாக விழுகிறது. துணியே வேண்டாம். விடியும்போது வெறும் ஜன்னலில் எடுத்துப் பாருங்கள்.'

மஹ்ஜபீன் எடுத்தாள். உருவம் கறுக்க வேண்டுமே என்று திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தாள். உருவம் மையாகக் கறுத்தது. மூக்கு நுனி, உதடு, முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் விட்ட இடைவெளி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். உருவத்துக்கு அப்பால் அவள் கண் போகவில்லை. அப்படியே போட்டுவிட்டாள்.

கோதா இன்ஸ்டாகிராம் வைத்துக்கொள்வதில்லை. புதன்கிழமை மாலை வேலையிலிருந்து வந்தவளிடம் மஹ்ஜபீன் போனை நீட்டினாள். "எத்தனை லைக் பாரு. நீ பெரிய ஆளுடி."

கோதா படத்தைப் பெரிதாக்கினாள். தன்னைப் பார்க்கவில்லை. தோளுக்குப் பின்னால் மலைக்கோட்டை நின்றது. அதற்கு இப்பால் செல்போன் கோபுரம். அதற்கும் இப்பால் எதிர்த்தெருக் கல்யாண மண்டபத்தின் விளக்கெரியும் பலகை. எழுத்துகளைப் படிக்க முடிந்தது.

"துணியை எடுக்கச் சொல்லி யாரு சொன்னா?"

"ஒளிப்பிரியன்தான். தங்கமான மனுஷன். நேத்துகூட எழுதியிருக்காரு, பாரேன்."

'அருமை. ஒரே குறை, இடது தோள் தூக்கி நிற்கிறது. இறக்கச் சொல்லுங்கள். இந்நேரம் வலி போயிருக்கும்.'

கோதாவின் வலது கை இடது தோளுக்குப் போனது.

"தோள் விஷயம் உங்கிட்ட சொல்லியிருக்கேனா?"

"என்ன தோள்?"

"கதவிடுக்குல வச்சு நசுக்கினான். டாக்டர்கிட்டயே மாடிப்படியில விழுந்துட்டேன்னுதான் சொன்னேன். அவனையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாதுடி."

மஹ்ஜபீன் போனை வாங்கிப் பழைய படங்களைத் தள்ளினாள். முதலில் முகம். பிறகு கழுத்து. பிறகு ஜன்னல். கேட்டதையெல்லாம் அவளே எடுத்துக் கொடுத்திருந்தாள். ஒவ்வொன்றாக அழித்தாள்.

"இப்ப அழிச்சு என்ன" என்றாள் கோதா.

"அத்தாவுக்குப் போன் போடறேன். பாலக்கரையிலேர்ந்து வர எவ்வளவு நேரம் ஆயிடும்?"

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அத்தா எடுக்கவில்லை. கீழே இருந்து வீட்டுக்கார வேணியக்காவின் குரல் வந்தது.

"மஹ்ஜபீனு! சொல்ல மறந்துட்டேன் பாரு. மத்தியானம் ஒருத்தர் வந்து மாடி வாடகைக்குக் கிடைக்குமான்னு கேட்டாரு. மலைக்கோட்டை தெரியற ஜன்னல் இருக்கான்னு வேற. ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க சார், காலி பண்றதப் பத்தி சாயங்காலம் அவங்களையே கேட்டுக்கங்கன்னேன்."

மஹ்ஜபீன் பதில் சொல்வதற்குள் அந்தக் குரல் வாசல் பக்கம் திரும்பியது.

"அட, வாங்க சார், நூறு ஆயுசு உங்களுக்கு! ஏறிப் போங்க. ரெண்டு பேரும் வீட்லதான் இருக்காங்க."

மஹ்ஜபீன் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். பழைய கதவு. ஒரே தாழ்ப்பாள்.

கோதா கட்டிலுக்குப் பின்னால் ஒளியவில்லை. ஜன்னலைத் திறந்து முழு முகத்தையும் தெருவுக்குக் காட்டினாள்.

"நான் கோதா! ஸ்ரீரங்கம் சேஷு பொண்ணு! என் ஆம்படையான் லக்ஷ்மிகாந்த் என்னை அடிக்க மேல ஏறி வந்துண்டிருக்கான்! எல்லாரும் பாத்துக்கோங்கோ!"

எதிர்வீட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். டீக்கடை முன்னால் நின்றவர்கள் திரும்பினார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தான்.

யாரும் இன்னும் நகரவில்லை. படியில் செருப்புச் சத்தமும் நிற்கவில்லை.