இரண்டாம் என்ற சொல்லுக்கு எடுத்துவைத்த கால்

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கண்ணெதிரே நடந்தது. அன்றைக்கு அடைத்த வாய் இன்னும் திறக்கவில்லை. வாயால் முடியாததைக் கையால் சொல்லலாம் என்று உட்கார்ந்து ஒன்பது மாதமாகிறது, கையும் சண்டித்தனம் செய்கிறது.

அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில், ரேவன்ஸ் என்று ஒரு டிரம் கோர் இருக்கிறது. நூற்றைம்பது பிள்ளைகள், முரசு, பித்தளைக் குழல், கொடி. கோடை முழுக்க பஸ்ஸில் ஊர் ஊராகப் போவார்கள், பள்ளிக்கூட ஜிம் தரையில் படுப்பார்கள், வெயிலில் நாள் முழுக்கப் பழகுவார்கள். எல்லாம் பதினோரு நிமிட ஆட்டம் ஒன்றுக்காக. அந்தக் குழுவின் சமையல் லாரியில் ஒன்பது கோடையாக வெங்காயம் நறுக்குகிறவள் நான். சம்பளம் கிடையாது. "உனக்கென்ன பைத்தியமா?" என்று கரூரிலிருந்து என் தங்கை வருடம் தவறாமல் போனில் கேட்கிறாள்.

ரேவன் என்றால் அண்டங்காக்கை. பெயர் வைத்தவருக்குச் சகுனம் பார்க்கத் தெரியாது போலிருக்கிறது. பதினோரு வருடமாக இறுதிப் போட்டியில் ரேவன்ஸுக்கு இரண்டாம் இடம். அந்தப் பதினோரு வருடமும் முதலிடம் ஒஹாயோவின் மெரிடியனுக்கு.

முதல் தொடக்கம்: "மெரிடியன் தோற்கும் என்று எந்த ஜோசியனும்—"

வேண்டாம். செய்தித்தாள் வாடை.

இரண்டாவது: "மெரிடியனின் பதினோரு வருட ஆதிக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் நாம் முதலில்—"

இது கட்டுரை. அதுவும் மோசமான கட்டுரை.

மூன்றாவது: "மெரிடியனின் தலைவன் டேரியஸ் பிரூவிட் வெள்ளை உடுப்பில், ஒரு மயிரிழை கூட அசையாமல்—"

இது கொஞ்சம் பரவாயில்லை என்று மூன்று வாரம் இதையே பிடித்துக்கொண்டு தொங்கினேன். பிறகு இதையும் விட்டேன். ஏன் என்று ஆறாவது பகுதியில் சொல்கிறேன். இப்போது எனக்கே தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

ஒரே குழு எப்படிப் பதினோரு வருடம் ஜெயிக்கும்? ரகசியமெல்லாம் ஒன்றுமில்லை. ஜெயிக்கிற இடத்துக்குத்தான் கெட்டிக்காரப் பிள்ளைகள் போவார்கள். அவர்கள் போவதால் அந்த இடம் மறுபடி ஜெயிக்கும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் எங்கள் குழல்காரர்களில் நல்லவர்கள் நான்கைந்து பேர் "மன்னிச்சுக்கோங்க" என்று ஒரு வரி எழுதிவிட்டு ஒஹாயோவுக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்கும் நான்தான் மூன்று கோடை சோறு போட்டிருப்பேன்.

ஆனால் இது பாதிதான். மறு பாதி எங்கள் காலில் இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், கேளுங்கள்.

இறுதி நாளில் எல்லாக் குழுக்களும் ஆடி முடித்த பிறகு, தலைவர்கள் மட்டும் மைதானத்தில் ஒரே வரிசையில் நிற்பார்கள். கடைசி இடத்திலிருந்து மேலே அறிவிப்பார்கள். முதலில் இடம், அடுத்துப் புள்ளி, அதற்குப் பிறகுதான் பெயர். பெயர் வந்ததும் அந்தத் தலைவர் ஓரடி முன்னால் வந்து சல்யூட் அடித்து, பதக்கம் வாங்கிப் பின்னால் போக வேண்டும். முகத்தில் சிரிப்போ அழுகையோ காட்டக் கூடாது.

சிக்கல் என்னவென்றால், புள்ளியைச் சொன்னதுமே கூட்டம் கத்தத் தொடங்கிவிடும். பெயர் காதில் விழாது. ஒரு வருடம் எங்கள் தலைவன் பெயர் கேட்காமல் மரம் மாதிரி நின்று மானத்தை வாங்கினான். அதிலிருந்து பயிற்சியாளர் கிப் ஒரு வழி கண்டுபிடித்தார். போன கோடையில் அதை ஹேட்டிக்கும் சொல்லிக்கொடுத்தார்.

"பேருக்காகக் காத்திட்டு நிக்காத, ஹேட்டி. 'இரண்டாம்'னு காதுல விழுந்ததும் இடது காலை எடுத்து வை."

"வேற பேரு வந்துட்டா?"

"பதினோரு வருஷமா வரல. நீ காலை எடுத்து வை."

அவள் சிரித்தாள். நானும் கரண்டியும் கையுமாக நின்று சிரித்தேன். அந்த வாரம் முழுக்க, சாப்பாட்டுக்கு முன்னால், லாரி பக்கத்தில், கிப் "இரண்டாம்!" என்பார். ஹேட்டியின் இடது கால் முன்னால் போகும். நாற்பது தடவையாவது இருக்கும்.

(அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: இவர்கள் பாஷையில் எல்லாருக்கும் ஒரே 'நீ'தான். யாருக்கு மரியாதை, யாருக்கு 'டா' என்பதெல்லாம் நான் போட்டது. கிப்புக்கு 'அவர்' போடத்தான் வேண்டுமா என்று இன்னும் யோசனை.)

3

ஹேட்டி லிண்ட்க்விஸ்ட் யார் என்று இன்னும் சொல்லவில்லை. கதைக்காரிக்கு இது அழகில்லை.

இருபத்தொரு வயது. ரேவன்ஸின் டிரம் மேஜர், அதாவது மேடை மேல் நின்று நூற்றைம்பது பேரைக் கையசைத்து நடத்துகிறவள். பதினாறு வயதில் வந்தாள், ஐந்து முறை இரண்டாம் இடம் பார்த்தாள். வயது வரம்பின்படி அதுவே கடைசிக் கோடை. மெரிடியன் மூன்று முறை கூப்பிட்டும் போகவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஒரு தடவை ஜெயிக்க வேண்டும், அதுவும் இந்தக் காக்கைக் கூட்டத்தோடு.

என் முதல் பிரதியில் அவள் தனியாகப் போய் அழுவாள். நிஜத்தில் நான் அப்படிப் பார்த்ததே இல்லை. தோற்ற நாட்களில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியை நின்றபடியே நான்கு தின்பாள், அவ்வளவுதான். அழுகையை நான்தான் சேர்த்தேன். எடுத்துவிட்டேன்.

டேரியஸை வில்லனாக்கிப் பார்த்தேன், அதுவும் நிற்கவில்லை. எங்கள் ஐஸ்பெட்டி கெட்டுப்போன அன்று அவன்தான் மெரிடியன் லாரியிலிருந்து ஐஸ் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். இறுதிக்கு முந்தின நாள் அது. வந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"எங்ககிட்ட வந்திருந்தா உன் விரல்ல இந்நேரம் மூணு சாம்பியன் மோதிரம் இருக்கும், ஹேட்டி."

"மோதிரம் போட்டா விரல் வீங்கும். உனக்குத் தலை வீங்கின மாதிரி."

"சரி சரி. நாளைக்கு வெள்ளிப் பதக்கத்தை நல்லாத் துடைச்சு வைக்கச் சொல்றேன் உனக்கு."

"நீயே போட்டுக்கோடா. உன் வெள்ளை உடுப்புக்கு எடுப்பா இருக்கும்."

சத்தியமாக அவள் இப்படித்தான் சொன்னாள். நான் கதைக்கு வசதியாக முன்கூட்டியே நட்டுவைத்த வசனம் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

4

இனி நடந்தது.

இண்டியானாபோலிஸ் அரங்கத்தில் முப்பதாயிரம் பேர். நான் ரேவன்ஸ் பக்கம் கம்பித் தடுப்பை ஒட்டி நிற்கிறேன், என் மேல் வெங்காய வாசனை. மூன்றாம் இடம் வரை அறிவித்தாகிவிட்டது. மிச்சம் இரண்டு பேர்தான்: ஹேட்டியும் டேரியஸும், பக்கத்துப் பக்கத்தில்.

"இரண்டாம் இடம்."

ஹேட்டியின் இடது கால் முன்னால் போனது. கை நெற்றிக்குப் போனது. கச்சிதமான சல்யூட்.

"தொண்ணூற்றெட்டு புள்ளி ஒன்று இரண்டு ஐந்து."

வழக்கம்போலக் கூட்டம் கத்தியது, வழக்கம்போலப் பெயர் கேட்கவில்லை. அப்புறம் பெரிய திரையில் எழுத்து வந்தது. மெரிடியன்.

கத்தல் நின்றது. குறையவில்லை, அப்படியே நின்றது. முப்பதாயிரம் தொண்டை ஒரே நொடியில் அடைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் பக்கத்திலிருந்த குழல்காரனின் தாய் என் கையைப் பிடித்து நகத்தைப் பதித்தாள். வலி அடுத்த நாள்தான் தெரிந்தது.

மைதானத்தில் டேரியஸ் அசையவில்லை. ஹேட்டி ஓரடி முன்னால், சல்யூட் அடித்தபடி. பதக்கம் கொண்டுவந்த பெரியவர் திரையைப் பார்க்கவில்லை. யார் முன்னால் வந்து நிற்கிறார்களோ அவர்களுக்குப் போடுவதுதானே அவர் வேலை? நேரே போய் ஹேட்டி கழுத்தில் வெள்ளியைப் போட்டார்.

சரியாக அப்போது எனக்கு முன்னால் ஓர் அம்மாள் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். எட்டு விநாடி இருக்கும். அவள் உட்கார்ந்தபோது இருவரும் வரிசையில் இருந்தார்கள். வெள்ளி டேரியஸ் கழுத்தில் இருந்தது. அறிவிப்பாளர், "முதலிடம், தொண்ணூற்றெட்டு புள்ளி ஒன்று ஐந்து" என்றார். வித்தியாசம் ஒரு புள்ளியில் நாற்பதில் ஒரு பங்கு.

(கேமரா? ஒளிபரப்புக் கேமரா மெரிடியன் பெற்றோர்கள் மேல் இருந்தது. கைபேசி வைத்திருந்த எல்லோரும் திரையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நம்ப முடியாததற்கு அத்தாட்சி வேண்டுமே. நானும் திரையைத்தான் எடுத்திருக்கிறேன், அதில் அந்த அம்மாளின் முழங்கை.)

5

வண்டி நிற்கும் இடத்தில் எங்கள் காக்கைப் பிள்ளைகள் பஸ் கூரையை உடைக்காத குறை. முரசுக்காரன் ரூபென் ஹேட்டியைத் தோளில் தூக்கப் போனான்.

"ஜெயிச்சுட்டு இரண்டாம் இடத்துக்கு சல்யூட் அடிச்ச ஒரே ஆளு உலகத்துலயே நீதான்டி!"

ஹேட்டி சிரிக்கவில்லை. அவன் கையைத் தள்ளிவிட்டாள்.

"நான் போகல, ரூபென். என் கால் போச்சு. நான் எங்கயும் போகல, கால் மட்டும் போச்சு."

"விடு. யாரு பாத்தா?"

"எல்லாரும் பாத்தாங்க. நூத்தம்பது பேரு ஜெயிச்சீங்க. நான் ஒருத்தி மட்டும் தோத்துட்டு வந்து நிக்கறேன். இனிமே எனக்கு இன்னொரு வருஷம் கிடையாதுடா."

கழுத்தில் தங்கப் பதக்கம் தொங்கியது. அதை அவள் ஒருமுறை கூடத் தொடவில்லை. நான் ரொட்டி கொடுத்தேன், வாங்கி அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தாள். கிப் பஸ் படியில் உட்கார்ந்து, "நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

சில வாரம் கழித்து, அந்த எட்டு விநாடியில் என்ன நடந்தது என்று ஹேட்டியிடம் கேட்டேன். "டேரியஸ்கிட்ட கேளுங்க" என்றாள். அவனைக் கேட்டேன். "அவகிட்டயே கேளுங்க" என்றவன், இன்னொன்றும் சொன்னான்.

"முன்னாடி போகணும்னு தெரிஞ்சுது. இரண்டாம் இடத்துக்கு எந்தக் காலை எடுத்து வைக்கணும்னுதான் தெரியல. எங்ககிட்ட அதை யாரும் சொல்லிக் குடுத்ததே இல்ல."

6

ஆகவே அந்த எட்டு விநாடியை நானே எழுத வேண்டியதாயிற்று.

முடிவு அ: ஹேட்டி பதக்கத்தைக் கழற்றி டேரியஸ் கழுத்தில் போடுகிறாள். கூட்டம் எழுந்து நின்று— (வேண்டாம், பல் கூசுகிறது.)

முடிவு ஆ: டேரியஸ் அவள் பக்கத்தில் வந்து, "அது என்னுது" என்று முணுமுணுக்கிறான். அவள், "எடுப்பா இருக்கும்னு சொன்னேன்ல" என்று எடுத்துக் கொடுக்கிறாள். (சாமர்த்தியம் அதிகம்.)

முடிவு இ: அவள் "சாரி" என்று சொல்லி, அதை அவன் கையில் திணித்துவிட்டு, பின்னால் ஓரடி—

மூன்றையும் தங்கைக்குப் போனில் வாசித்தேன். அவளுக்கு டிரம் கோரும் தெரியாது, அயோவாவும் தெரியாது.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? ஜெயிச்சது யாரு?"

"ஹேட்டிதான்."

"அப்புறம் மூணுலயும் அவளே எதுக்குக் குடுக்கறா, அவளே எதுக்கு சாரி சொல்றா, அவளே எதுக்குப் பின்னாடி போறா? அந்தப் பையனுக்குக் கை இல்லையா?"

போனை வைத்துவிட்டு என் தாள்களை எடுத்துப் பார்த்தேன். முதல் தொடக்கம் மெரிடியன் என்று தொடங்குகிறது. இரண்டாவது மெரிடியன். மூன்றாவது மெரிடியன். ஜெயித்தவளின் கதையை எழுத உட்கார்ந்தவள், அவள் பெயரைக் கூட மூன்றாவது பகுதி வரை ஒழுங்காகச் சொல்லவில்லை. என்னை யாரும் நாற்பது தடவை பழக்கவில்லை. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டுதானே இருந்தேன்? அப்படியும் 'இரண்டாம்' என்ற சொல் எங்கோ காதில் விழுந்ததும் என் பேனா ஓரடி முன்னால் போய் சல்யூட் அடித்திருக்கிறது.

7

கடைசியாக ஒருமுறை தொடங்குகிறேன்.

ஹேட்டி லிண்ட்க்விஸ்ட் மைதானத்தில் நிற்கிறாள். அவளுக்கு வயது இருபத்தொன்று, அவளுக்கு இன்னொரு கோடை இல்லை. இந்த வருடம் ஜெயித்தது அவள்தான், அது இன்னும் அவளுக்குத் தெரியாது. அவள் பக்கத்தில் யாரோ ஒருவன் நிற்கிறான். அறிவிப்பாளர் தாளைப் பிரிக்கிறார்.

"இரண்டாம்" என்கிறார்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். என் கையை இனி நான் நம்புவதாக இல்லை. பெயர் வர இன்னும் நாலைந்து விநாடி இருக்கிறது, அதுவரை அவள் இடது காலை நீங்கள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.