எட்டா, பதினாறா

குழந்தை பிறக்கும் வரை மனைவி படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், கணினி வாங்கக் குழாய் வேலைக்காரர் தனியாகத்தான் போக வேண்டியிருந்தது. அவருக்குத் தண்ணீர்க் குழாயைப் பற்றி எது கேட்டாலும் தெரியும். கணினியை அணைக்கத்தான் தெரியும், அதுவும் சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டி.

அவர் மனைவி, காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குப் பாட வீடியோக்களைத் தொகுத்துத் தருபவள். ஆசிரியை பாடம் நடத்தும் படம் ஒன்று, மூலையில் சைகை மொழி பேசுபவரின் படம் ஒன்று, அடியில் ஓடும் எழுத்து. மூன்றும் இம்மி பிசகாமல் சேர்ந்து ஓட வேண்டும். புது வகுப்புக்கான பாடங்களை நாளை மறுநாள் காலையில் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் பழைய கணினி மண்டையைப் போட்டது. சாவதற்கு முன்பும் அது அவளைப் படுத்தாத பாடு படுத்தியது. ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு அவள் குளித்துவிட்டே வந்துவிடுவாள்.

கடையில் இருந்த பெண் பொறுமைசாலி. மனைவி சொல்லி அனுப்பியதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்தாள். கடைசியில் கணக்குப் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"அண்ணே, மெமரி விலை இந்த வாரம் ஏறிடுச்சு. நீங்க சொன்ன தொகைக்குள்ள வராது. ஒண்ணு, மெமரியைப் பதினாறு ஜிபிக்குப் பதிலா எட்டா எடுத்துக்கணும். இல்லைன்னா ஃபைலெல்லாம் சேமிச்சு வைக்கிற எஸ்எஸ்டியைச் சாதாவா மாத்திக்கணும்."

"சாதான்னா?"

"பழைய ஹார்ட் டிஸ்க்குல தட்டு சுத்தும், அதான் அவ்வளவு மெதுவு. எஸ்எஸ்டியில சுத்துற சமாச்சாரமே இல்லை. அதுல ரெண்டு ரகம். இந்தச் சாதா, கேபிள்ல மாட்டுறது, நொடிக்கு ஐநூறு எம்பி ஓடும். இது போர்டுலயே செருகுறது, மூவாயிரத்தைத் தாண்டும்."

"அப்ப ஆறு மடங்கு வேகமா?"

"பெரிய ஃபைலை காப்பி பண்றப்போ தெரியும். மத்தபடி ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் தெரியாது. அக்கா என்ன வேலை செய்யறாங்க?"

"வீடியோ."

"ஒரே நேரத்துல எத்தனை வீடியோ திறந்து வைப்பாங்க?"

அவருக்குத் தெரியவில்லை. ஆண்டுக்கணக்காக அவள் முதுகுக்குப் பின்னால் சோறு தின்றிருக்கிறார், திரையில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

"அவங்களையே ஒரு தடவை கேட்டுடுங்கண்ணே," என்றாள் அந்தப் பெண்.

மனைவிக்குப் போன் போட்டார். மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தார். மாத்திரை போட்டால் அவள் அடித்துப் போட்டாற்போல் தூங்குவாள் என்பது நினைவுக்கு வந்தது. நாளை கடை விடுமுறை. பாகங்களைப் பொருத்தித் தருபவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் நின்றிருந்த வாடிக்கையாளர் ஒருவர், கேட்காமலே, "நானா இருந்தா வேகமானதைத்தான் எடுப்பேன்" என்றார்.

வேகம் என்ற சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. மணிக்கணக்கில் அவள் திரையைப் பார்த்துக்கொண்டு கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்ததை மட்டும் அவர் பார்த்திருந்தார்.

"வேகமானதே போடும்மா. மெமரி எட்டு போதும்."

வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்து இணைத்தார். பொத்தானை அழுத்தியதும் திரை பளிச்சென்று வந்துவிட்டது. மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுச்சேங்க!" அவருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் வேலையைத் தொடங்கினார்கள். அவள் எழுந்து உட்காரக் கூடாது என்பதால் அவரே நாற்காலியில் அமர்ந்தார். அவள் படுத்தபடி சொல்லச் சொல்ல, அவர் மௌஸை நகர்த்தினார். ஆசிரியை படம் வந்தது. சைகைப் படம் வந்தது. எழுத்தைச் சேர்த்ததும் எல்லாம் அப்படியே உறைந்து நின்றது.

"மெமரி எவ்வளவுங்க?"

"எட்டு."

"பதினாறு சொன்னேனே."

அவர் நடந்ததைச் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பீரோ எவ்வளவு சட்டுனு திறந்தா என்னங்க? எடுத்த துணியை விரிக்க இடம் வேணும்ல, அதான் மெமரி. இடம் பத்தலைன்னா திரும்பத் திரும்ப உள்ள வச்சு எடுக்க வேண்டியதுதான்."

"உனக்கு போன் போட்டேன்மா."

"தெரியும். ரெண்டு மிஸ்டு கால் இருந்துச்சு."

அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வேறு வழி தேடினாள். பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டச் சொன்னாள், படத்தின் தரத்தைக் குறைக்கச் சொன்னாள். "அம்பை அங்க கொண்டுபோங்க. அங்க இல்ல, மேல. இப்ப அழுத்துங்க. ஐயோ, ரெண்டு தடவை அழுத்திட்டீங்க." இரும்புக் குழாயை முறுக்கிய விரல்கள் அந்தச் சின்னப் பொருளுக்கு அடங்கவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் கணினி நின்று மூச்சு வாங்கியது. ஒரு பாடம் முடியும் தறுவாயில் மென்பொருள் தானாக மூடிக்கொண்டது. அதுவரை செய்தது அத்தனையும் போயிற்று.

பொறுக்கமாட்டாமல் அவள் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள்.

"வேண்டாம்மா, படு! நான் இருக்கேன்ல?"

"நீங்க இருந்து…" என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மாலைக்குள் பாதிப் பாடங்கள்கூட முடியவில்லை. அவள் பள்ளிக்குப் போன் செய்தாள். உள்ளதைச் சொன்னாள், மன்னிப்பும் கேட்டாள். மறுமுனையில் அன்பாகத்தான் பேசினார்கள். மிச்சத்தை வேறொருவரிடம் கொடுத்துவிடுகிறோம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். "சரிங்க மேடம், சரிங்க" என்று சொல்லிச் சொல்லி அவள் குரல் தேய்ந்தது.

"இன்னொரு எட்டு வாங்கிச் செருகலாம்னு கடையில சொன்னாங்க," என்றார் அவர். "நாளைக்கே போறேன்."

"இப்ப எதுக்குங்க? வேலையே போயிடுச்சு."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தோள் குலுங்கியது. தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் அவர் கையைத் தூக்கி, பிறகு தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"ஏதாவது சாப்பிடறியா?"

"கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

அவர் சும்மா இருந்தார்.