இயற்றியவர் கர்த்தர்

“அது என்னோட பாட்டுன்னு சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன், நீங்க என்னடான்னா…”

“டீச்சரம்மா, நீங்க சொல்லுங்க, நான் கேட்டுகினுதான் கீறேன், ஆனா பாட்டுக்குக் கீழ…”

“கேக்கறேன்னு சொல்லிக்கிட்டே பேசினா எப்படிக் கேப்பீங்க?”

“பாட்டுக்குக் கீழ உங்க பேரு இல்லியேம்மா. இயற்றியவர் கர்த்தர்னு போட்டுக்கீது. அவர் வந்து கேக்கட்டும், இந்த நிமிஷமே குடுத்துடறேன்.”

ஹில்டா தன் கணவர் லாசரஸைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரில் தொங்கிய டிரம்பெட்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அனகாபுத்தூர் சந்துக்குள் இருந்தது மோகன்ராஜின் பேண்டு செட் கடை. கல்யாணமோ, கோயில் திருவிழாவோ, கிறிஸ்துமஸோ, அந்தப் பக்கத்து ஊர்வலம் எல்லாவற்றுக்கும் அவருடைய ஆட்கள்தான். இரும்புலியூர் சபையின் பாடகர் குழு போன கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடப் போனபோதும் அவர்கள்தான் வாசித்தார்கள். அப்போது புதிதாகப் பாடிய பாட்டு ஹில்டா கட்டியது. அவள்தான் அந்தக் குழுவின் தலைவி. லாசரஸ் அதைப் படம்பிடித்துச் சபையின் யூடியூப் சேனலில் போட்டார்.

நேற்று அந்த வீடியோவைக் காணோம். இந்த இசை மோகன்ராஜ் பேண்டுக்குச் சொந்தம், அதனால் நிறுத்திவைத்திருக்கிறோம் என்று ஒரு அறிவிப்பு மட்டும் இருந்தது. வரும் ஞாயிறு ஆராதனையை நேரலையில் காட்டப்போகிறார்கள். முதல் பாட்டே அதுதான். பாட ஆரம்பித்ததும் அதையும் நிறுத்திவிடுவார்கள் என்று லாசரஸ் சொன்னதில் ஹில்டாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“நான் உங்க மேல கம்ப்ளெயிண்ட் எதுவும் பண்ணலம்மா,” என்றார் மோகன்ராஜ். “எங்க செட்டு வாசிச்சதையெல்லாம் ஒரு கம்பெனி மூலமா நெட்ல ஏத்துனேன். அன்னிக்கு உங்க கூட வாசிச்சப்போ எங்க பையன் ஒருத்தன் போன்ல புடிச்சதையும் ஏத்துனேன். அப்புறம் யூடியூப்ல கீற மெஷினே ஊரெல்லாம் காது குடுத்துக் கேட்டுகினு, இது மோகன்ராஜுதுன்னு புடிச்சுக்குது. எனக்கே பேஜாராப் பூடுச்சு.”

“ஏத்தறதுக்கு முன்னாடி யார் பாட்டுன்னு பாக்க வேண்டாமா?”

“பாத்தேனே. உங்க வீடியோவுக்குக் கீழ கர்த்தர்னு போட்டிருந்துது. சரி, எந்தக் காலத்துப் பாட்டோ, ஏரித் தண்ணி மாதிரி எல்லாருக்கும் பொதுன்னு நெனச்சேன்.”

“ஏங்க, எதுக்கு அப்படிப் போட்டீங்க?” என்று ஹில்டா கணவரிடம் திரும்பினாள்.

“வீடியோ போடறப்போ இயற்றியவர்னு ஒரு கட்டம் இருந்துது. யார் பேரைப் போடன்னு உன்னைத்தான் கேட்டேன்,” என்றார் லாசரஸ். “என் பேர் எதுக்கு, எல்லாம் கர்த்தரோடதுன்னு சொன்ன.”

“அது எல்லாரும் சொல்றதுதானேங்க. பாட்டு நல்லாருந்துதுன்னா மகிமை கர்த்தருக்கேன்னு சொல்றோம். பிரியாணி நல்லாருந்துதுன்னாலும் அதையேதான் சொல்றோம். அதை யாராவது எழுதி வைப்பாங்களா?”

“ஆபீஸ்ல சொன்னதை எழுதித்தான் பழக்கம்.”

மோகன்ராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை எடுத்தார். “சரி விடுங்க, சார். இங்க ஒரு பட்டன் கீது. அமுக்கினா உங்க வீடியோவை விட்டுடும். ஆனா சொந்தக்காரர் யாருன்னு கேக்குது. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து என்னுதுன்னா நான் இன்னா பண்றது? அதனால டீச்சரம்மா வாயால ஒரே ஒரு தபா சொல்லட்டும். ‘இது நான் கட்டின பாட்டு’, அவ்ளோதான்.”

ஹில்டா வாயைத் திறந்தாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைக்கும் குரல் இப்போது தயங்கி இழுத்தது.

“அதாவது… ஆண்டவர் என் மூலமா…”

“உங்க மூலமா. கரெக்ட். கட்டினது யாரு?”

“அவர் குடுத்தார். நான் வாங்கி…”

“அப்போ எங்களுக்கும் அவர்தான் குடுத்தாரு. நாங்க வாங்கிக் கோவிலம்பாக்கத்துல ஒரு கல்யாணத்துல வாசிச்சோம். பாக்கறீங்களா?”

“கல்யாணத்துலயா? கிறிஸ்துமஸ் பாட்டையா?”

“சனம் விடலியேம்மா. திரும்பத் திரும்ப அதையே கேட்டாங்க.”

போனை அவள் முன்னால் நீட்டினார். விளக்குகள் சூழ்ந்த தெருவில் மாப்பிள்ளை ஊர்வலம். ‘மாட்டுக் கொட்டில் வாசலிலே மணி அடிச்சது யாரு’ என்ற அவளுடைய முதல் வரியை டிரம்பெட் வாசித்தது. கனத்த பட்டுச் சேலை கட்டிய ஒரு அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு நடுத்தெருவில் ஆடினாள். மாப்பிள்ளையே காரிலிருந்து இறங்கிவிட்டான். ஹில்டாவின் செருப்பு தரையில் தாளம் போட்டது. லாசரஸ் அதைப் பார்த்தார்.

திடீரென்று செருப்பு நின்றது.

“நிறுத்துங்க. அந்த இடம் தப்பு.”

“எந்த இடம்?”

“‘யாரு’ன்னு முடியற இடம். கீழே இறக்கிட்டீங்க. அது மேல போகணும்.”

“ஆடறதுக்கு அப்டித்தாம்மா தோதா…”

“தோதாவது ஒண்ணாவது. யார் மணி அடிச்சதுன்னு தெரியாம நிக்கறாங்க, அந்தத் தவிப்புல குரல் மேல ஏறணும். இரும்புலியூர்ல பஸ் நகராம நின்னப்போ ஜன்னல் கம்பியில தட்டித் தட்டி நான் போட்ட மெட்டு அது. வரி, மெட்டு எல்லாம் நான் கட்டினது. என் பாட்டை நீங்க எப்படி இறக்கலாம்?”

மோகன்ராஜ் வீடியோவை நிறுத்தினார்.

“சொல்லிட்ட,” என்றார் லாசரஸ்.

ஹில்டா வாயைப் பொத்திக்கொண்டாள். “கர்த்தர் மன்னிக்கட்டும்.”

“அவருக்கு மொதல்லயே தெரியுமேம்மா,” என்று மோகன்ராஜ் பட்டனை அமுக்கினார். “எங்களுக்குத்தான் தெரியாது.”

சிறிது நேரத்தில் லாசரஸின் போனில் அந்த வீடியோ மறுபடி ஓடியது. அவர் அங்கேயே உட்கார்ந்து இயற்றியவர் கட்டத்தைத் திருத்தினார். “ஹில்டா லாசரஸ்னு போடறேன்.”

“வெறும் ஹில்டான்னு போடுங்க. நீங்க ஒரு வரிகூட எழுதலை.”

மோகன்ராஜ் சத்தமாகவே சிரித்துவிட்டார். டீ குடிக்கப் போயிருந்த ஆட்களைக் கூப்பிட்டார். ஹில்டா கையை உயர்த்திக் காட்டிய இடத்தில் டிரம்பெட் மேலே ஏறியது. முதல் தடவை பிசகியது, அடுத்த தடவை கூரையைத் தொட்டது. சந்தில் போன ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு கேட்டார். மாடியில் துணி காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“இதுதாம்மா நல்லாக்கீது,” என்றார் மோகன்ராஜ். “இனிமே கல்யாணத்துலயும் இப்டியே வாசிக்கறோம். நீங்க சரின்னு சொன்னா.”

“தாராளமா வாசிங்க.” ஹில்டா வாசல்வரை போனாள். அங்கேயே நின்றாள். திரும்பினாள்.

“ஏன் மோகன்ராஜ், கல்யாணத்துல யாராவது வந்து, பாட்டு நல்லாருக்கே, யார் கட்டினதுன்னு கேட்டா, நீங்க என்ன சொல்லுவீங்க?”